நானாக விலகவில்லை

கல்லூரியில் இரண்டாம் ஆண்டு விலங்கியல் படித்துக்கொண்டிருந்தபோது எங்கள் துறைப் பேராசிரியை ஒருவர் தம் ஆய்வுக்கு என்னையும் என் வகுப்பு மாணவன் ஒருவனையும் உதவியாளர்களாக எடுத்துக்கொண்டார். ஜவ்வாது மலை ஓடைகளில் கல்லுக்கடியில் வாழும் பூச்சிகளை வைத்துத் தண்ணீர் எவ்வளவு சுத்தம் என்று கண்டறியும் ஆய்வு. வகுப்பு முடிந்த மாலைகளில் ஆய்வகம், சனிக்கிழமைகளில் மலை. மாதாமாதம் சம்பளம்.

அந்த மலையில் புதூர்நாட்டுப் பக்கம்தான் என் ஊர். முதல் சனிக்கிழமையே, முழங்கால் தண்ணீரில் வலையோடு குனிந்து நின்ற என்னை, புளி உலுக்கப் போய்க்கொண்டிருந்த அம்மா பார்த்துவிட்டாள்.

“இன்னாடி இது? படிக்கப் போனியா, கூலிக்குப் போனியா?”

“ரெண்டுக்கும்தாம்மா.”

பேராசிரியை சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை.

கொஞ்ச நாளில் முந்தைய பருவத் தேர்வு முடிவு வந்தது. வேதியியலில் தோற்றிருந்தேன். துறைத் தலைவர் கூப்பிட்டனுப்பினார். பேராசிரியையும் அங்கே உட்கார்ந்திருந்தார்.

“அரியர் வச்சிக்கிட்டு ஆராய்ச்சி எதுக்கும்மா? பணக்கஷ்டம்னா ஸ்காலர்ஷிப் இருக்கு. இதெல்லாம் நல்லா படிக்கிற பசங்களுக்கு. சொந்தக் காரணத்தால விலகிக்கிறேன்னு ஒரு வரி எழுதிக் குடுத்துட்டுப் போ.”

வெள்ளைத் தாளை என் பக்கம் நகர்த்தினார். என்னோடு சேர்ந்த மாணவனுக்கும் அதே வேதியியலில் அரியர்தான். அவனைக் கூப்பிடவில்லை. அதைச் சொல்ல வாய் வரை வந்தது. அவனை இழுத்துவிட மனமில்லை.

“எனக்குச் சொந்தக் காரணம் எதுவும் இல்லீங்க சார். நிறுத்தறதுன்னா நீங்க நிறுத்துங்க. ஏன்னு நீங்களே எழுதுங்க. நானா விலகுனேன்னு நான் எழுத மாட்டேன்.”

“எதிர்த்துப் பேசறியா?”

“இல்லீங்க சார். எழுத மாட்டேன்னு சொல்றேன்.”

பேராசிரியை ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். துறைத் தலைவர் பேசியதை விட இவர் பேசாததுதான் எனக்கு எரிச்சலாக இருந்தது.

வராந்தாவில் பேராசிரியை என் பின்னாலேயே வந்தார். “கொஞ்ச நாளைக்குச் சம்பளம் இல்லாம வாம்மா. விஷயம் ஆறட்டும்.”

“சும்மா வர மாட்டேன் மேடம். வேலைன்னு கூப்டுங்க, வர்றேன்.”

விடுதிக்குப் போய் நன்றாக அழுதேன். அழுதபோதும் சொன்னதைத் திரும்ப வாங்கிக்கொள்ளத் தோன்றவில்லை. அம்மாவுக்குப் போன் செய்தேன். திட்டுவாள் என்றுதான் நினைத்தேன்.

“கூலி இல்லாம எவடி வேலைக்குப் போவா? போவாத. வூட்ல கேட்டா நான் சொல்லிக்கிறேன்,” என்றாள்.

நான் ஆய்வகப் பக்கம் போகவில்லை. என் பங்குக்கு வகை பிரிக்க வேண்டிய பூச்சிகள் பாட்டில்களில் அப்படியே கிடந்தன. கடைசியில் பேராசிரியையே துறைத் தலைவரிடம் போய், என்னை நிறுத்துவதற்கான காரணத்தை எழுத்தில் கேட்டிருக்கிறார். ஆய்வு உதவியாளர்களுக்கான விதியில் வருகைப்பதிவு பற்றித்தான் இருந்தது. அரியர் பற்றி ஒன்றுமே இல்லை. காரணம் எழுதத் துறைத் தலைவருக்கு வழியில்லாமல் போயிற்று.

“திங்கக்கிழமையிலேருந்து வா. சம்பளத்தோடதான்,” என்றார் பேராசிரியை. சற்று நின்று, “அன்னைக்கே நான் பேசியிருக்கணும்,” என்றார்.

“ஆமாங்க மேடம்,” என்றேன். பரவாயில்லை என்று சொல்லவில்லை.

அடுத்த தேர்வில் வேதியியல் தேறினேன், தட்டுத்தடுமாறித்தான். முடிவு வந்த அன்று துறைத் தலைவர் மாடிப்படியில் எதிரே வந்தார். வணக்கம் வைத்தேன். தேறியதைப் பற்றி அவரிடம் மூச்சு விடவில்லை. ஆய்வகத்துக்கு நேரமாகியிருந்தது.