ஊசி டப்பாவோடு போன கொள்கை அறிக்கை

அடையாற்றில் ஆஸ்பத்திரித் துணிகளை வெளுத்துக் கொடுக்கும் கம்பெனியில் ரத்னா மேற்பார்வையாளர். அதற்கு முன் பதினாறு வருடம் நர்சிங் ஹோமில் ஆயா வேலை. படுத்திருக்கும் நோயாளியை எழுப்பாமலேயே விரிப்பு மாற்றிவிடுவாள்.

துணி அனுப்பும் பெரிய ஆஸ்பத்திரி இந்த வருடம் ஒரு நிபந்தனை போட்டது. கம்பெனியின் சுற்றுச்சூழல் கொள்கை அறிக்கையை, பொறுப்பாளர் கையெழுத்தோடு, வெள்ளிக்கிழமைக்குள் தர வேண்டும். இல்லையென்றால் ஒப்பந்தம் நீளாது. அது போனால் துணி துவைக்கும் பதினோரு பெண்களுக்கும் வேலை இல்லை, ரத்னாவுக்கும் இல்லை.

முதலாளி வெள்ளைத்துரையின் மகள் தீபிகா இணையத்திலிருந்து ஓர் அறிக்கையை எடுத்து, பெயரை மட்டும் மாற்றி, ரத்னாவிடம் கையெழுத்துக்கு நீட்டினாள்.

"இன்னா எழுதிக்கீது, தமிழ்ல சொல்லும்மா."

"நம்ம கம்பெனியில இருந்து ஒரு சொட்டு கழிவுநீர்கூட வெளிய போகாதுன்னு இருக்கு அக்கா."

"அப்ப பின்னாடி போறது இன்னா, பன்னீரா?"

தீபிகா சிரித்துவிட்டாள். வெள்ளைத்துரை சிரிக்கவில்லை. "எல்லாவனும் இப்பிடித்தாம்மா எழுதுதான். எவன் வந்து பாக்கப் போறான்?"

"வந்து பாத்தா கீழ என் பேருதான கீது, அண்ணாச்சி."

பேனாவை வாங்கி, அவளே நாலு வரி எழுதினாள். பிளீச்சிங் பவுடரை அளந்துதான் போடுகிறோம். கடைசி அலசல் தண்ணீரை அடுத்த நடையின் முதல் துவைப்புக்கு வைத்துக்கொள்கிறோம். மீதி சாக்கடைக்குத்தான் போகிறது; ஆறு மாதத்தில் வடிகட்டும் தொட்டி கட்டுவோம். நாலாவது வரி: துணிக்குள் வரும் ஊசிகளை, எந்த வார்டிலிருந்து வந்தனவோ அந்த வார்டுக்கே திருப்பி அனுப்புவோம்.

வெள்ளைத்துரை நாலாவது வரியில் நின்றுவிட்டார். "வேலை குடுக்கிறவன் மேலேயே பிராது குடுக்கியே தாயி."

"பிராது இல்ல அண்ணாச்சி. போன மாசம் துணி பிரிக்கசொல்ல நம்ம ஜமீலுன்னிசா கையில ஊசி குத்திச்சே, ரத்தம் டெஸ்ட் பண்ண இட்டுக்கினு போனது நான்தான?"

அவர் ஒரு நாள் முழுக்க முனகினார். வெள்ளிக்கிழமை வந்தது, வேறு ஒருவரும் கையெழுத்துப் போடத் தயாரில்லை. தீபிகா அந்த நாலு வரியையே டைப் செய்தாள்.

"நீயே கொண்டு போ. திட்டையும் நீயே வாங்கிக்க," என்றார் வெள்ளைத்துரை.

ஆஸ்பத்திரி அதிகாரி ஸ்ரீலக்ஷ்மியும் நாலாவது வரியில்தான் நிமிர்ந்தார். "ஊசி எங்களோட எந்த வார்டுல இருந்து வந்ததுன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

வெளுத்த துணி மாறிப் போகாமலிருக்க, வார்டுக்கு ஒரு நிறமாக விரிப்பின் மூலையில் நூல் தைப்பது கம்பெனி வழக்கம். ரத்னா பையிலிருந்து இரண்டு கெட்டி பிளாஸ்டிக் டப்பாக்களை எடுத்து மேசைமேல் வைத்தாள். ஒன்றின் மூடியில் நீல நூல், உள்ளே இரண்டு ஊசி. மற்றதில் பச்சை நூல்; முக்கால்வாசி நிறைந்திருந்தது.

"நீலம் பிரசவ வார்டு. பச்ச மூணாவது மாடி. நாலு மாசத்துது மேடம்."

ஸ்ரீலக்ஷ்மி மூன்றாவது மாடித் தலைமை நர்ஸைப் போனில் கூப்பிட்டு, கீழே வரச் சொன்னார். பிறகு கேட்டார்: "தொட்டிக்கு ஆறு மாசமா? மூணுல முடிங்க."

"நடுவுல மழ வந்து வேல நின்னுரும் மேடம். நாலு குடுங்க."

ஒப்பந்தம் நாலு மாதத்துக்கு நீண்டது. தொட்டியைப் பார்த்தபிறகு மீதி.

கம்பெனி வாசலிலேயே வெள்ளைத்துரை காத்திருந்தார். "என்ன சொன்னாவ?"

"நாலு மாசம். குழி வெட்ட ஆள் பாருங்க அண்ணாச்சி. பச்ச டப்பாவ அவங்களே வெச்சிக்கினாங்க, வேற ஒண்ணு வாங்கணும்."