பேய்ப்படத்துக்கு நான் எடுத்துக் கொடுத்த சேலை

பீட்ரூட் கொதிக்கிற வாசம் வந்தால் எனக்கு அந்த ஞாயிற்றுக்கிழமைதான் ஞாபகம் வரும்...

ரத்தத்துக்காகக் கொதிக்க வைத்தது. மகள் சங்கீதா அப்போது கல்லூரியில் விஸ்காம் இரண்டாம் வருஷம். பேய்ப்படத்தின் ஆரம்பக் காட்சியை மட்டும் இரண்டு நிமிஷத்துக்கு எடுத்து வரச் சொல்லியிருந்தார்கள். திங்கட்கிழமை காலையில் கொடுத்தாக வேண்டும். குங்குமத்தைக் கரைத்துக்கொள்ளலாமா என்று கேட்டாள். சாமி குங்குமத்தைத் தொடக்கூடாது என்று சொல்லிவிட்டு, நானே பீட்ரூட்டை நறுக்கி அடுப்பில் வைத்தேன்.

நான் எட்டாவதோடு நின்றவள். மற்றதெல்லாம் கிடைத்ததைப் படித்துத் தெரிந்துகொண்டது. அதனால் அவள் பாடத்தைச் சொன்னால் ஆசையாகக் கேட்பேன். ஒவ்வொரு வகைப் படத்துக்கும் சில அடையாளங்கள் உண்டாம்... ஜானர் கன்வென்ஷன் என்று பெயராம். பார்க்கிறவருக்கு முதல் அரை நிமிஷத்திலேயே இது பேய்ப்படம் என்று தெரிந்துவிட வேண்டுமாம். அவள் சொல்லச் சொல்ல நோட்டில் எழுதிக்கொண்டேன். ஆளில்லாத வீடு. கிரீச்சிடும் கதவு. திடீரென்று அணையும் விளக்கு. கொலுசுச் சத்தம். தலைவிரித்த பெண். வெள்ளைச் சேலை.

எதையும் வெளியில் தேட விடக்கூடாது, எல்லாவற்றையும் வீட்டிலிருந்தே எடுத்துக் கொடுத்துவிட வேண்டும் என்று எனக்கு ஒரு வீம்பு.

பகலை இருட்டாக்க, அவள் அப்பா கம்பெனியில் கழித்துப் போட்ட கறுப்பு பனியன் துணியைக் கொண்டுவந்தார். ஜன்னல்களை அடைத்தோம். கதவுதான் ஏமாற்றிவிட்டது. நான் மாதம் தவறாமல் எண்ணெய் விடுகிற கதவு, சத்தமே வரவில்லை.

"உங்கம்மா வெச்சிருக்கற ஊட்டுக்குப் பேயி வந்தாலும் சத்தமில்லாமத்தான்டி வரோணும்" என்று தோழி நிவேதா சங்கீதாவிடம் கேலி செய்தாள்.

விளக்கை ஊதி அணைக்க நான் விடவில்லை. பூவால் மலையேற்றுவதுதான் எங்கள் வழக்கம். எந்தப் பேய் பூவெடுத்து வரும் என்று இரண்டு பேரும் கேட்டார்கள். கடைசியில் மெழுகுவத்தி வைத்துக்கொண்டார்கள்.

மிச்சம் இருந்தது வெள்ளைச் சேலை.

கொடியில் ஒன்று காய்ந்துகொண்டிருந்தது. எங்கள் நங்கையின் சேலை. நங்கை என்றால் வீட்டுக்காரரின் அக்கா. கணவர் தவறியதிலிருந்து வெள்ளை கட்டிக்கொண்டு எங்களோடுதான் இருக்கிறார். அப்போது பெருமாநல்லூரில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. ஷிப்மென்ட் அவசரம் என்று அன்றைக்கும் போயிருந்தார்.

கொடியிலிருந்து உருவி, மடித்து, நிவேதா கையில் கொடுத்தேன். நோட்டில் டிக் போட்டேன். யாருடைய சேலையை எதற்குக் கொடுக்கிறோம் என்று ஒரு நொடி யோசித்திருக்கலாம்... யோசிக்கவில்லை.

நிவேதா அதைக் கட்டி, தலையை விரித்துப் போட்டு, கண்ணைச் சுற்றி மை அப்பிக்கொண்டு நின்றாள். கதவு தானாகத் திறப்பதை முதலில் எடுக்க வேண்டும். கதவில் நூல் கட்டி, உள்ளேயிருந்து நான் இழுக்க வேண்டும். சங்கீதா கதவுக்கு நேராக காமிராவை ஓடவிட்டாள்.

நான் இழுப்பதற்கு முன்பே கதவு திறந்தது.

வெளியே மத்தியான வெயில். வாசலில் வெள்ளைச் சேலையோடு ஓர் உருவம். வெயில் பின்னால் இருந்ததால் முகம் தெரியவில்லை. நிவேதா அலறினாள். சங்கீதாவும் அலறினாள்.

நானும்தான்.

வேலை சீக்கிரம் முடிந்து நங்கை வந்திருந்தார். செருப்பைக் கழற்றியவர் அப்படியே நின்று, எங்களைப் பார்த்தார். பிறகு நிவேதாவைப் பார்த்தார்.

"என்ர சீலைதான அம்மிணி அது?"

"ஆமாங்க நங்கை... புள்ளைக படம் எடுக்கோணும்னாங்க."

"என்ன படம்?"

அந்த முகத்து மையையும் விரித்த தலையையும் பார்த்தால் யாருக்கும் தெரியும். பீட்ரூட் கறை படாமல் கொடுத்துவிடச் சொன்னார். மறுநாள் வேலைக்கு அதைத்தான் கட்ட வேண்டுமாம். உள்ளே போய்ச் சோறு போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

பிள்ளைகள் லேப்டாப்பில் போட்டுப் பார்த்தார்கள். கதவு திறக்கிறது, வெயில், வெள்ளைச் சேலை, முகமில்லாத உருவம்... பார்த்தபோது எனக்கே மறுபடியும் புல்லரித்தது.

"இது ஒண்ணு போதும்டி. ஃபுல் மார்க்" என்றாள் நிவேதா மெல்லிய குரலில்.

சங்கீதா ரொம்ப நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். "எங்கத்தை பேயில்லடி" என்றாள். அழித்துவிட்டாள்.

வெறும் கதவையும் மெழுகுவத்தியையும் வைத்து ஒன்றை ஒப்பேற்றிக் கொடுத்தாள். பேய்ப்படத்தின் அடையாளமே இல்லை என்று மார்க் குறைந்தது. நான் சிவன்மலை ஏறி முருகனிடம் மன்னிப்புக் கேட்டேன். ஒரே வீட்டில் இருக்கிற நங்கையிடம் கேட்கவில்லை.

வருஷங்கள் ஓடிவிட்டன. சங்கீதா சென்னையில் எடிட்டிங் வேலையில் இருக்கிறாள். இப்போது பேய்கள் சுடிதாரிலும் ஜீன்ஸிலும் வருகின்றனவாம்... வெள்ளைச் சேலையில் வந்தால் தியேட்டரில் சிரிக்கிறார்களாம்.

போன வாரம் நானும் நங்கையும் கீரை ஆய்ந்துகொண்டிருந்தபோது, எப்படியோ மன்னிப்புக் கேட்டுவிட்டேன். அன்றைக்கு நான் செய்தது தப்புங்க நங்கை என்றேன்.

"அதை உடு அம்மிணி" என்றார். ஒரு தண்டைக் கிள்ளிப் போட்டுவிட்டு, "அன்னைக்கு நான் உள்ள வந்தது அந்தக் காமிராவுல உழுந்துதா?" என்று கேட்டார்.

"உழுந்துதுங்க."

"எனக்குப் பாக்கோணும். வெள்ளைக்கு மாறுன பொறவு என்னைய யாரும் போட்டோ புடிச்சதில்ல."

அப்புறம் ஆல்பங்களை எடுத்துப் புரட்டினேன். சங்கீதாவின் காதுகுத்து, அவள் பெரியவளான சீர், இந்த வீட்டுப் புகுவிழா. எதிலும் அவர் இல்லை. எல்லா விசேஷத்திலும் விடியற்காலையிலிருந்து அடுப்படியில் நின்றவர். வாங்க நங்கை, வந்து நில்லுங்க என்று நான் ஒரு தடவை கூடக் கூப்பிட்டதில்லை. இன்றைக்கு என் போனில் செம்பருத்திப் பூவுக்கே நாற்பது படம் கிடக்கிறது.

அவரையும் எடுக்கப் போனேன். வேண்டாம் என்று கையால் மறைத்துக்கொண்டார். ஓடியாடி வேலைக்குப் போன வயசில் எப்படி இருந்தோம் என்றுதான் பார்க்க வேண்டுமாம்.

அழித்துவிட்டோம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சங்கீதாவைத் தேடச் சொல்கிறேன் என்று சொல்லிவிட்டேன்.

தினமும் காலையில் காபி டம்ளரை வாங்கும்போது கேட்கிறார்... "புள்ளைக்குக் கெடைச்சுதா அம்மிணி?"