தையற்காரர் கொல்லையில் ஒரு மொட்டு

ஒரு சிற்றூரில் முப்பதாண்டுகள் வைத்தியம் பார்த்த மருத்துவரை எல்லாரும் "செடி டாக்டர்" என்றே அழைத்தனர். நோயாளிகளைப் பார்க்கப் போகுமிடமெல்லாம் செடிகொடிகளையும் ஆராய்ந்து வருவார்.

காய்ச்சலில் கிடந்த தையற்காரர் ஒருவரின் கொல்லையில் மருத்துவர் அறியாத செடியொன்று மொட்டு விட்டிருந்தது. பூத்தால்தான் அது இன்னதென்று தெரியும். தையற்காரரின் காய்ச்சலோ மொட்டு விரிவதை முந்திக்கொண்டு குணமாகிவிட்டது. இனி எந்தச் சாக்கில் அங்கே போவது? மருத்துவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. "நெஞ்சை இன்னொரு தரம் பார்த்துடலாம்" என்று மறுபடியும் போய் நின்றார்.

குழாயை நெஞ்சில் வைத்தவரின் கண் சன்னலைத் தாண்டியது.

"டாக்டரய்யா, என் நெஞ்சு இந்தப் பக்கம் இருக்கு" என்று சிரித்தார் தையற்காரர்.

"அந்தக் களையையா பார்க்கிறீங்க? நாளைக்குப் பிடுங்கிடறேன்" என்றாள் அவர் மனைவி.

மருத்துவர் பதறிப்போனார். "ஐயோ, வேண்டாம்மா! அது பூக்கட்டும். அதுக்காகத்தான் வந்துட்டிருக்கேன்."

"அதை முதல்லயே சொல்றதுக்கென்ன? இந்த மனுஷனுக்கு இன்னும் ஏதோ இருக்குன்னு பயந்து நான் சரியாச் சாப்பிடக்கூட இல்லை!"

மருத்துவரின் முகம் சுண்டிப்போயிற்று. மறுநாள் மருந்துப் பையை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்தார். வாசலில் நின்று, "செடியைப் பார்க்க வந்தேம்மா!" என்று உரக்கச் சொல்லிவிட்டுக் கொல்லைக்கு விரைந்தார்.

மொட்டு இன்னும் விரியவில்லை.