தங்கை அலையேறிய கரை

தங்கைக்குக் கல்யாணமாகி எட்டு மாதம் கழித்துத்தான் அவள் வீட்டுக்குப் போனேன். ராயபுரத்திலிருந்து கோவளம் ஒன்றும் தூரதேசமில்லை. பிராட்வே போய் ஒரு பஸ் ஏறினால் இரண்டு மணி நேரம். அவளும் வாராவாரம் போனில் கூப்பிட்டுக்கொண்டுதான் இருந்தாள். நான்தான் வேலை அதிகம், கால்வலி என்று ஏதாவது சொல்லித் தட்டிக்கழித்தேன். திருவொற்றியூரில் ஒரு கன்டெய்னர் யார்டில் லாரிகளுக்கு கேட் பாஸ் போடுகிற வேலை எனக்கு. ஞாயிற்றுக்கிழமை லீவு. அது அவளுக்கும் தெரியும்.

நாற்பத்து மூன்று வயதில் நடந்த கல்யாணம் அது. மாப்பிள்ளை மனைவியை இழந்தவர், கோவளத்து மீனவர். அலைச்சறுக்கு விளையாட வருகிறவர்களுக்கு வீட்டு மாடியில் நாலு அறை கட்டி வாடகைக்கு விடுகிறார். சர்ச்சில் தெரிந்தவர்கள் பேசி முடித்த இடம். அவள் என்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

“வூட்டு வாசல்லயே கடலு கீதாமேக்கா?”

அவள் கேட்டதில் நியாயம் இருந்தது. முதலில் நாங்கள் திருவொற்றியூர் குப்பத்தில்தான் இருந்தோம். அவளுக்கு ஆறு வயது, எனக்குப் பதினொன்று. ஐப்பசியில் ஒரு மத்தியானம் எங்கள் வீட்டின் பின்சுவரைக் கடல் எடுத்துக்கொண்டது. சமையற்கட்டு அப்படியே சரிந்து தண்ணீருக்குள் இறங்கியதை அவள் வாசலில் நின்று பார்த்தாள். பிறகு ராயபுரத்துக்குக் குடிவந்தோம். அதற்கப்புறம் அவள் கடல் பக்கம் போனதேயில்லை. எண்ணூர் ரோட்டில் பஸ்ஸில் போனால்கூட கடல் தெரியாத பக்கமாகப் பார்த்து உட்காருவாள். மழைக்காலத்தில் என் கையைப் பிடித்துக்கொண்டுதான் தூக்கம். அம்மா அப்பா போன பிறகும், முப்பது வயதிலும் நாற்பதிலும் அப்படித்தான். எனக்கு வந்த இரண்டு வரன்களை நான் வேண்டாமென்றதற்கு இதையே காரணமாகச் சொல்லியிருக்கிறேன்.

மாசி மாதத்தில் ஒரு ஞாயிறு, முதல் பூசை முடிந்ததும் அவளிடம் சொல்லாமலே கிளம்பினேன். காசிமேட்டில் மீன் வாங்கலாமா என்று யோசித்தேன். மீன்காரர் வீட்டுக்கே மீனா என்று விட்டுவிட்டு, தெருமுனை பேக்கரியில் அவளுக்குப் பிடித்த தேங்காய் பன் நாலு வாங்கிக்கொண்டேன்.

கோவளத்தில் யாருக்கும் அவசரம் இல்லை. நடுரோட்டில் ஒரு நாய் தூங்கியது, ஆட்டோ அதைச் சுற்றிக்கொண்டு போனது. வீட்டுச் சுவர்களில் நீளநீளமான சறுக்குப் பலகைகளைச் சாய்த்து வைத்திருந்தார்கள். வெள்ளைக்காரப் பெண் ஒருத்தி வெறுங்காலோடு டீ குடித்துக்கொண்டிருந்தாள். எங்கள் பக்கம் கடலோரம் என்றால் கொட்டி வைத்த கருங்கல்லும் லாரி வரிசையும்தான். மணலில் நடந்து நேரே தண்ணீருக்குப் போகலாம் என்பதே எனக்குப் பழக்கம் விட்டுப்போன விஷயம்.

டீக்கடை அம்மாவிடம் தங்கை வீட்டுக்கு வழி கேட்டேன். “அவங்க அக்காவா? தண்ணியில இருப்பாங்க பாருங்க” என்றாள். வேறு யாரையோ சொல்கிறாள் என்று நினைத்தேன்.

கரைக்குப் போய்ப் பார்த்தால் அவள்தான். முழுக்கை பனியனும் கறுப்புக் கால்சட்டையுமாகப் பலகையில் குப்புறப் படுத்திருந்தாள். மாப்பிள்ளை இடுப்பளவு தண்ணீரில் நின்று தள்ளிவிட்டார். அலை தூக்கியது. அவள் எழுந்து நின்றாள். இரண்டு நொடி இருக்கும், பிறகு தலைகுப்புற விழுந்தாள். நான் என்னையறியாமல் செருப்போடு தண்ணீருக்குள் போயிருந்தேன். அவள் மேலே வந்தபோது சிரித்துக்கொண்டிருந்தாள். அப்படி ஒரு சிரிப்பை எங்கள் வீட்டில் நான் கேட்டதில்லை.

என்னைப் பார்த்ததும் ஓடிவந்து ஈரத்தோடு கட்டிக்கொண்டாள். “இன்னாக்கா, சொல்லாம கொள்ளாம வந்துகீற?”

“உனக்குப் பயமா இல்லியா?”

“கீதுக்கா. தெனமும் கீது. நாலு அலை மேல பட்டதும் போயிடுது.”

“எங்கிட்ட சொல்லவே இல்லியே.”

“சொன்னா நீ பயந்துக்குவ.”

மத்தியானம் சங்கரா மீன் குழம்பு. அம்மா வைக்கிற ருசி இல்லை, ஆனால் நன்றாக இருந்தது. மாப்பிள்ளை “அக்கா, அக்கா” என்று பார்த்துப் பார்த்துப் பரிமாறினார். ராத்திரி தங்கிவிட்டுப் போகச் சொல்லி மாடியில் எனக்கென்று ஓர் அறையைத் திறந்துவிட்டார்கள். கட்டிலில் சலவை விரிப்பு, மடித்து வைத்த துண்டு, ஒரு சின்ன சோப்பு. வாடகைக்கு வருகிறவர்களுக்கு வைக்கிற அந்தச் சோப்பைப் பார்த்ததும் எனக்கு அங்கே படுக்கத் தோன்றவில்லை. இறங்கி நடந்தேன்.

தர்காவைத் தாண்டிப் போனால் இன்னொரு கரை. அங்கே யாரும் இல்லை. மணலில் உட்கார்ந்தேன். தங்கை நன்றாக இருக்கிறாள், நான் சந்தோஷப்பட வேண்டும். ஆனால் வயிற்றெரிச்சலாகத்தான் இருந்தது. முப்பத்தேழு வருஷம் நான் பத்திரமாகப் பார்த்துக்கொண்ட பயத்தை இந்த ஊர் எட்டு மாதத்தில் வாங்கிக்கொண்டுவிட்டது. அந்த இரண்டு வரன்களை நினைத்துப் பார்த்தேன். இரண்டாவது ஆள் நல்லவர். தங்கை ஒரு தடைகூடச் சொல்லவில்லை. புது வீட்டுக்குப் போகப் பயந்தது நான்தான். அவள் போன பிறகு வந்த மழையில் தூக்கமில்லாமல் கிடந்ததும் நான்தான்.

வெயில் தாழ்ந்ததும் தேடிக்கொண்டு வந்துவிட்டாள். பக்கத்தில் உட்கார்ந்து தேங்காய் பன்னைப் பிட்டுத் தின்றாள். “ஒரு தபா எறங்கிப் பாக்கிறியாக்கா? நான் புடிச்சுக்கிறேன்.”

முழங்கால் வரை போனேன். அவள் கை இறுக்கமாக இருந்தது, உள்ளங்கை காய்த்துப்போயிருந்தது. ஓர் அலை உயர்ந்து வந்தது. கையை உதறிக்கொண்டு மேலே ஏறிவிட்டேன். “இன்னொரு நாளு” என்றேன். அவள் வற்புறுத்தவில்லை.

அதற்குப் பிறகு நாலைந்து தடவை போய்விட்டேன். அவள் இப்போது விழாமல் கரைவரை வருகிறாள். அதுவரை நான் மணலில் அவள் செருப்பையும் துண்டையும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். ஊர்க்காரர்கள் என்னைப் பார்த்தால் தலையசைக்கிறார்கள். சாயங்காலம் ஐந்து மணி பஸ்ஸில் திரும்பிவிடுவேன். தங்கிவிட்டுப் போகச் சொல்லி அவள் இப்போதெல்லாம் கேட்பதில்லை.