குன்னூரில் ஒரு சமதளம்

எங்கள் உத்திரமேரூர்ப் பக்கம் மேடு என்றால் ஏரிக்கரைதான். அதில் ஏறி இறங்கினாலே முட்டிக்குத் தைலம் தேடுகிற குடும்பம் எங்களுடையது. அதில் பிறந்துவிட்டு, கட்டினால் குன்னூர்க்காரர் ஒருவரைத்தான் கட்டுவேன் என்று நான் ஒற்றைக்காலில் நின்றேன். சென்னையில் இருவருக்கும் ஒரே அலுவலகம். சாதி ஒத்துப்போனது, ஜாதகம் ஒத்துப்போனது, ஊர் மட்டும் ஒத்துப்போகவில்லை. "வூட்டப் பாத்துட்டுத்தான் பேச்சு" என்று சொல்லிவிட்டார் அப்பா. கல்யாணத்துக்கு முன்னால் பெண்ணை மாப்பிள்ளை வீட்டுக்கு அழைத்துப்போகிற வழக்கம் எங்களிடம் கிடையாது. மலை ரயிலைப் பார்த்ததே இல்லை என்று அழுது, அப்பாவோடும் பெரியப்பாவோடும் தொற்றிக்கொண்டேன்.

சம்பந்தம் பேசுமுன் அந்த வீட்டுக்கு இந்தப் பக்கம் ஒரு வீடு, அந்தப் பக்கம் ஒரு வீடு விசாரிப்பது எங்கள் முறை. அதில் பெரியப்பா கைதேர்ந்தவர். குடிக்கத் தண்ணீர் கேட்டு உள்ளே போவார், குடும்பக் கதை முழுவதையும் குடித்துவிட்டு வெளியே வருவார்.

குன்னூரில் அந்த வித்தை பலிக்கவில்லை. நாங்கள் போன பகுதியில் தெருவே இல்லை, படிகள்தான். வீடுகள் தோளோடு தோளாக நிற்காமல் ஒன்றின் தலைமேல் ஒன்றாக ஏறி உட்கார்ந்திருந்தன. மேலே இருப்பவர்களுக்கு வெயில் முதலில் வரும் என்ற கர்வம். கீழே இருப்பவர்களுக்குக் கடைத்தெரு கிட்டே என்ற கர்வம். நடுவில் இருப்பவர்கள் இரண்டு தரப்பையும் குறை சொல்லிக்கொண்டே கேஸ் சிலிண்டர் தூக்கிக்கொண்டிருந்தார்கள்.

ஆட்டோக்காரர் சாலையிலிருந்தே பச்சைக் கதவு வீட்டைக் காட்டிவிட்டுப் போனார். பெரியப்பா அதே வரிசையில் அடுத்த வீட்டில் தண்ணீர் கேட்டார். "அவங்களா? நடுவுல ஓடை இருக்கு பாருங்க. அவங்க படி வேற, எங்க படி வேற. கடையில பார்த்தா சிரிப்போம், அவ்வளவுதான்" என்றார் அந்த வீட்டம்மா. பக்கத்து வீட்டுக்கே தெரியாதவன் என்ன பெரிய மனுஷன் என்று பெரியப்பாவுக்கு முகம் சுண்டிப்போனது.

ஓடையைச் சுற்றிக்கொண்டு வேறு படியில் ஏறியதில் பச்சைக் கதவு கண்ணிலிருந்து மறைந்துவிட்டது. மூச்சு வாங்கியது. அப்போதுதான் படியை ஒட்டி ஒரு சிமெண்ட் தரை தென்பட்டது. காலையிலிருந்து நாங்கள் பார்த்த முதல் சமதளம். மூன்று பேரும் ஓடிப்போய் அதில் நின்றோம். அங்கிருந்த கறுப்புத் தண்ணீர்த் தொட்டியில் சாய்ந்துகொண்டு பெரியப்பா ஆரம்பித்தார்.

"இன்னாடா ஊரு இது? மழை பேஞ்சா வூட்டோட உருண்டு பொண்ணு மேட்டுப்பாளையத்துல போயி நிப்பா. பேஜார் புடிச்ச சம்பந்தம். காபி குடுத்தா குடிச்சிட்டுக் கெளம்பலாம். எனக்குச் சக்கரை ஆவாது, ஆனா வாயத் தொறக்காதீங்க. வியாதி கீதுன்னு தெரிஞ்சா பரம்பரைன்னுடுவானுங்க."

அப்பா என்னைப் பார்த்தார். "அண்ணன் சொல்றதும் சரிதான். இது வேணாம்மா."

எனக்குக் கோபம் வந்தது. "வூடு சாஞ்சிக்கினு கீதுன்னு ஆள வேணாம்னுவியா நைனா? கட்டினா அவரத்தான். இல்லன்னா ஏரிக்கரையிலயே குந்திக்கினு கெழவியாயிடுவேன், போ!" என்று கத்தினேன்.

அந்த நேரம் மூட்டையோடு படியிறங்கிய ஒருவரிடம் அப்பா பச்சைக் கதவு வீட்டுக்கு வழி கேட்டார். "அதுமேலதாங்க நிக்கிறீங்க" என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார்.

இறங்கிப்போய் உட்கார்ந்தோம். மாப்பிள்ளையின் அம்மா காபி கொண்டுவந்தார். ஒரு டம்ளரை மட்டும் தனியாக எடுத்துப் பெரியப்பா முன்னால் வைத்து, "இது சர்க்கரை போடாதது" என்றார். பெரியப்பா கண்ணை மூடிக்கொண்டார்.

"கூரைமேல பேசினா சமையல்கட்டுல நல்லா கேக்குங்க. நான் மிக்சியக்கூட நிறுத்திட்டேன்" என்று அந்த அம்மா சிரித்தார். "இங்க விசாரிக்கணும்னா பக்கத்து வீட்டுல கேக்கக் கூடாதுங்க, மேல் வீட்டுல கேக்கணும். எங்க கூரைதான் அவங்களுக்கு வாசல்."

உடனே மேலேயிருந்து ஒரு பெண்குரல் இறங்கியது. "தங்கமான பையன்ங்க! மெட்ராஸ்லேர்ந்து ஊருக்கு வந்தா எங்க வீட்டு சிலிண்டர அவன்தான் தூக்கிட்டு வர்றான். யோசிக்காம பொண்ணக் குடுங்க!"

அப்பா வாய்விட்டுச் சிரித்துவிட்டார். சிரித்தபிறகு அவரால் எதையும் மறுக்க முடியாது என்பது எனக்குத் தெரியும். எனக்கோ பூமி பிளந்தால் புகுந்துகொள்ளலாம் போலிருந்தது. அங்கே புகுந்தாலும் கீழ் வீட்டுக் கூரையில்தான் போய் விழ வேண்டும். அந்த அம்மா என் கையைப் பிடித்து அடுப்பங்கரைக்கு அழைத்துப்போய் ஒரு முக்காலியை இழுத்துப் போட்டார். "ஏரிக்கரையில எல்லாம் உக்கார வேண்டாம்மா. இங்கயே உக்காரு." எனக்கு அழுகை வந்துவிட்டது.

கல்யாணமாகி இருவரும் குன்னூருக்கே வந்துவிட்டோம்; இப்போது அது என் சமையல்கட்டும்தான். மூச்சு வாங்கி ஏறிவருகிற வெளியூர்க்காரர்கள் சமதளத்தைக் கண்ட சந்தோஷத்தில் இன்றைக்கும் எங்கள் கூரைமேல் நின்று குடும்ப விஷயம் பேசுகிறார்கள். காலடிச் சத்தம் கேட்டதும் மாமியார் என்னைத் திரும்பிப் பார்ப்பார். நான் மிக்சியை நிறுத்திவிடுவேன்.