ஒரே வௌவாலுக்கு நாலு வீடு

சோபான் காவடேக்கு வௌவால்களைப் பிடிக்காது. பூங்காக் காவலாளியாக இருபத்தாறு வருடம் அவற்றின் எச்சத்தைக் கூட்டியவருக்கு அந்த உரிமை உண்டு. ஆனால் அவை எங்கள் நகரத்தில் எங்கெல்லாம் போகின்றன என்று சைக்கிளில் துரத்திப் பார்த்தவரும் அவர்தான். பகலில் பூங்கா ஆலமரத்தில் தூக்கம். பொழுது சாய்ந்ததும் ஏரியில் வயிறு உரசித் தண்ணீர். பிறகு ராணுவக் குடியிருப்பின் நாவலிலும் கல்லூரி அத்தியிலும் பழம்.

சாலையை அகலப்படுத்த ஆலமரத்தை வெட்டுவதாக மரத்திலேயே அறிவிப்பு ஒட்டினார்கள். ஆட்சேபிக்க ஏழு நாள். காவடே சொல்லச் சொல்ல மனுவை எழுதிக்கொடுத்தது, அவரைச் சித்தப்பா முறையில் காகா என்றழைக்கும் நான். "எண்ணிக்கையோட சொல்லுங்க காகா, அப்பதான் மதிப்பாங்க" என்று படித்த திமிரில் சொன்னதும் நான்தான். அவர் எண்ணிவைத்திருந்ததைச் சொன்னார்: மரத்தில் தொள்ளாயிரம், ஏரியில் தொள்ளாயிரம், நாவலில் நானூறு, அத்தியில் ஐந்நூறு.

விசாரணையில் மர அதிகாரி பிடே கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார்.

"காவடே, ஊர்பூரா வீடு வச்சிருக்கற ஆளுக்கு ஒண்ணு போனா என்னய்யா?"

"எல்லாம் ஒரே வௌவாலுங்க சாயேப். நீங்க கேன்டீன்ல வடாபாவ் திங்கறீங்க. அதுக்காக உங்க வீட்ட இடிச்சுட்டு அங்கயே படுத்துக்கங்கன்னா படுப்பீங்களா?"

எல்லோரும் சிரித்தார்கள். பிடேயும் மனம்விட்டுச் சிரித்தார். சிரித்துக்கொண்டே எழுதினார்: 'மாற்று இடங்கள் உள்ளதை மனுதாரரே ஒப்புக்கொள்கிறார்.'

ஜூன் முதல் வாரத்தில் வெட்டினார்கள். தாய் வௌவால்கள் பட்டப்பகலில் வட்டமடித்துவிட்டுக் கல்லூரிக்குப் போயின. அங்கே பட்டாசு வெடித்து விரட்டினார்கள். பறக்கப் பழகாத குட்டிகள் பூங்காவிலேயே விழுந்து கிடந்தன. பிடிக்காத பிராணிகளுக்காகக் காவடே இரண்டு நாள் விடுப்பு எடுத்து, அவற்றை அள்ளிப் புதைத்தார்.

மூன்றாம் நாள் வடபூர்ணிமை. கணவனின் ஆயுளுக்காக ஆலமரத்தைச் சுற்றி நூல் கட்டும் நாள். மரம் இல்லாததால் அதை வெட்டிய ஒப்பந்தக்காரரின் ஆட்கள் பூங்கா வாசலிலேயே கிளைகளை விற்றார்கள். வியாபாரம் அமோகம். நான் காவடே வீட்டுக்குப் போனபோது அவர் மனைவி ஹௌசா ஒரு கிளையைத் தொட்டியில் நட்டு, பட்டுப்புடவையில் நூலோடு நின்றாள்.

"எந்த மரத்துக் கிளைன்னு தெரியுமா உனக்கு?" என்றார் காவடே.

"தெரியாம என்ன. வேற மரம் எங்க இருக்கு? கொஞ்சம் தள்ளி உக்காருங்க, உங்க ஆயுசுக்குத்தான் சுத்தறேன்."

காவடே தள்ளி உட்கார்ந்தார். ஏழு சுற்று. ஒவ்வொன்றாக எண்ணினார், அந்தப் பழக்கம் மட்டும் போகவில்லை.