இரட்டைக் கதவு

கல்விச் சங்கத்தின் நிர்வாகக் குழுவில் என்னைச் சேர்த்துக்கொண்டதாக மின்னஞ்சல் வந்தபோது, பள்ளியின் பின்பக்கத்தில் ஒரு பழைய ஏசி இயந்திரத்தின் பக்கவாட்டைப் பெயர்த்துக்கொண்டிருந்தேன். உள்ளே எது எப்படி ஓடுகிறது என்று பிள்ளைகள் பார்ப்பதற்காக. டெக்சாஸின் பிளானோவில் எங்கள் தொழிற்பள்ளியில் ஏசி, மின்சாரம், குழாய் வேலை மூன்றும் சொல்லித்தருகிறோம். அதை நடத்துவது நான். கையைத் துடைக்காமலே இரண்டு தடவை படித்தேன். போன் முழுக்க கிரீஸ்.

அந்தக் குழுவில் எனக்கு ஒரே ஒரு வேலைதான். பள்ளி இறுதி வகுப்புப் பிள்ளைகளுக்காகச் சங்கம் ஆண்டுதோறும் ஒரு கண்காட்சி நடத்துகிறது. கல்லூரிகளுக்கு மண்டபத்துக்குள் மேஜை. எங்களுக்கு வெளியே, கார் நிறுத்துமிடத்தில் ஒரு கூடாரம். ஏழு வருடம் அந்த வெயிலில் நின்றிருக்கிறேன். பெற்றோர்கள், அதுவும் நம்மவர்கள், பிள்ளையின் தோளைப் பிடித்து எங்களைத் தாண்டி வேகமாக நடத்திக்கொண்டு போவார்கள். பார்த்தாலே ஒட்டிக்கொள்ளும் என்பதுபோல. எங்கள் மேஜை உள்ளே போக வேண்டும். அவ்வளவுதான்.

"முதல் மீட்டிங்லயே சண்டை போடாத. மூணு மாசம் சும்மா உக்காந்து கேளு" என்றார் என் கணவர்.

"ஏழு வருஷம் வெளிய நின்னு கேட்டாச்சு."

"அப்ப சவுண்டையாவது கொற. மைக் வேற குடுப்பாங்க."

மகள் லேப்டாப்பிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "அம்மா, ப்ளீஸ் டோன்ட் யெல் அட் தெம்."

கத்த மாட்டேன் என்றேன். இருவரும் நம்பவில்லை. நானும்தான்.

நாலு பக்கம் பேச்சு எழுதிவைத்தேன். டோல்வே நெடுஞ்சாலையில் காரை ஓட்டிக்கொண்டே உரக்கச் சொல்லிப் பார்த்ததில் இறங்கவேண்டிய எக்ஸிட்டைத் தவறவிட்டேன். கோபம் வரவில்லை, சிரிப்புதான் வந்தது. அப்படி ஒரு சந்தோஷம்.

கண்காட்சி நடக்கும் அதே மண்டபத்தை ஒட்டிய அறையில் கூட்டம். என் பெயர் எழுதிய அட்டை மேஜைமேல் இருந்தது. யாரும் பார்க்காதபோது அதைப் படம் எடுத்துக்கொண்டேன். துணைத் தலைவர் நம்மவர், கல்லூரிப் பேராசிரியராக இருந்து ஓய்வுபெற்றவர், எல்லோருக்கும் அங்கிள். பக்கத்தில் இருந்தவரிடம், நான் ஒரு பள்ளி நடத்துவதாகச் சொல்லி அறிமுகப்படுத்தினார். என்ன பள்ளி என்பதைச் சொல்லவில்லை. எப்போதுமே சொன்னதில்லை.

கூட்டம் தொடங்கியது. தலைவர் அம்மா ஒரு பட்டியலைக் கடகடவென்று வாசித்தார். வாசித்து முடித்த பிறகு ஒவ்வொன்றாகப் பேசுவார்கள் என்று பேச்சைக் கையில் வைத்துக் காத்திருந்தேன். அது தப்பு. வழக்கமான விஷயங்களை எல்லாம் ஒரே கட்டாகக் கட்டி, பேச்சே இல்லாமல் ஒரே ஓட்டில் நிறைவேற்றுவது அங்கே முறை. அந்தக் கட்டுக்குள் ஆறாவது: கண்காட்சி ஏற்பாடு, சென்ற ஆண்டைப் போலவே. ஓட்டுக்குக் கை தூக்கச் சொல்லிவிட்டார்கள். நான் எழுந்து நின்றுவிட்டேன்.

"ஆறாவதை வெளியே எடுங்கள்" என்றேன், ஆங்கிலத்தில். கத்தினேன் என்று பிறகு சொன்னார்கள்.

தலைவர் அம்மா பேனாவால் அந்த வரியை அடித்தார். அவ்வளவுதான். உறுப்பினர் ஒருவர் கேட்டாலே போதுமாம், காரணம்கூடச் சொல்ல வேண்டாமாம். என் ஒரு வார்த்தைக்கு இவ்வளவு நடக்கும் என்று எனக்குத் தெரியாது.

நாலு பக்கத்தையும் ஓரமாக வைத்தேன். "வெளியே நிறுத்திய பள்ளியை எந்தப் பிள்ளையும் நல்ல பள்ளி என்று நினைக்காது. அப்படி நினைக்க நாம்தான் கற்றுக்கொடுக்கிறோம்" என்றேன்.

அங்கிள் குறுக்கிட்டார். நாங்கள் காட்சிக்கு வைக்கும் ஏசி இயந்திரம் மண்டபக் கதவில் நுழையாது, அதனால்தான் வெளியே, வேறு காரணம் இல்லை என்றார்.

"யார் அளந்தது?"

யாரும் அளந்திருக்கவில்லை. கைப்பையிலிருந்து டேப்பை எடுத்தேன். தலைவர் அம்மா பத்து நிமிட இடைவேளை விட்டார்.

"ஏம்மா, முதல் நாளேவா?" என்று அங்கிள் மண்டபக் கதவுவரை கூடவே வந்தார்.

"இந்த முனைய புடிங்க அங்கிள். தூக்காதீங்க, நேரா புடிங்க."

"நான் பொதுவாச் சொன்னேன். கோவிச்சுக்காத."

"கோவம்தான். ஜூலைல உங்க வீட்டு ஏசி நின்னப்ப, மிஷின் எந்தக் கதவுல நுழையும்னு நீங்க கேக்கலையே."

அவர் சிரித்தார். "நீ அனுப்பின பொண்ணு ஒரு மணி நேரத்துல சரி பண்ணிட்டா. நல்ல பொண்ணு."

"அவதான் போன வருஷம் கூடாரத்துல நின்னா. நீங்க கையக் காட்டிட்டு உள்ள போயிட்டீங்க."

சிரிப்பு நின்றது. குனிந்து டேப்பைப் பார்த்தார். "முப்பத்தி நாலு இஞ்ச். உன் மிஷின் எவ்வளவு?"

"ஸ்டாண்டோட முப்பத்தாறு."

"அப்ப நுழையாது. நான் சொன்னேன்ல."

கதவை இன்னொரு தடவை பார்த்தேன். அது இரட்டைக் கதவு. ஒரு பாதியை மேலேயும் கீழேயும் தாழ்போட்டு வைத்திருந்தார்கள். இத்தனை வருடம் எல்லோரும் பாதிக் கதவில்தான் போய்வந்திருக்கிறோம், நான் உட்பட. நாற்காலியில் ஏறி மேல்தாழை இழுத்தேன். கீழ்த்தாழை அங்கிளே ஷூவால் தட்டிவிட்டார். கதவு விரியத் திறந்தது.

அறைக்குள் திரும்பியதும் அவரே சொன்னார்: "அறுபத்தெட்டு இஞ்ச். தாராளமாக நுழையும். அளக்காமல் பேசிவிட்டேன்."

ஓட்டெடுப்பில் இரண்டு பேர் எதிர்த்தார்கள். மற்ற எல்லோரும் கை தூக்கினார்கள். அங்கிளும்.

காருக்குப் போகும்வரைகூடப் பொறுக்க முடியவில்லை. வராந்தாவிலிருந்தே பள்ளிக்குப் போன் செய்தேன். அங்கிள் வீட்டு ஏசியைச் சரிசெய்த அந்தப் பெண்தான் எடுத்தாள். இப்போது அவள் எங்களிடமே பாடம் எடுக்கிறாள்.

"உள்ளேயா, வெளியேயா?" என்றாள்.

"உள்ளே" என்றேன். "அந்த ஸ்டாண்டின் சக்கரம் கிறீச்சிடும். எண்ணெய் போட்டு வை."